கல்லூரிப் பரிந்துரைக் கடிதம்: எந்த சாரிடம், எந்த டீச்சரிடம் கேட்பது?

குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிப்பது இப்போது புதிதில்லை. மார்க் ஷீட், பாஸ்போர்ட், ஆங்கிலத் தேர்வு என்று எல்லாவற்றுக்கும் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைகிறவர்கள், பரிந்துரைக் கடிதத்தை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நான் பிளஸ் டூ வகுப்புக்குப் பாடம் எடுப்பவன், இந்தக் கடிதங்களை எழுதிக் கொடுக்கிற பக்கம் இருப்பவன். பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

இந்தக் கடிதம் எல்லோருக்கும் தேவையா?

இல்லை. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணிலிருந்து 200-க்குக் கணக்குப் போடும் கட் ஆஃப் போதும். மருத்துவத்துக்கு நீட். அங்கெல்லாம் எந்த ஆசிரியரின் கடிதத்தையும் யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் நல்ல பல்கலைக்கழகங்களில் இளநிலை சேர, பிரிட்டனுக்கு யூகாஸ் (அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) வழியாக விண்ணப்பிக்க, வெளிநாட்டில் எம்.எஸ். அல்லது பிஎச்.டி. செய்ய இது வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் போன்ற சில இடங்களில் இளநிலை விண்ணப்பத்தோடு கடிதம் கேட்பதில்லை. நம் நாட்டுக்குள்ளேயே, மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்காக நடத்தும் கோடைகால ஆராய்ச்சித் திட்டத்துக்கும் ஆசிரியர் கடிதம் வேண்டும். நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. படிக்கிறவர்கள் அந்தத் திட்டத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எத்தனை கடிதம்? யார் யார் எழுத வேண்டும்?

அமெரிக்க இளநிலைக்கு, கடும் போட்டி உள்ள இடங்களில் வழக்கமாக இரண்டு பாட ஆசிரியர்கள், அவர்களோடு பள்ளியின் கவுன்சலர் ஒருவர். நம் பள்ளிகளில் கவுன்சலர் என்று தனியாக யாரும் இருப்பது அபூர்வம். அந்த இடத்தைத் தலைமையாசிரியரோ அவர் பொறுப்பு ஒப்படைக்கும் வகுப்பாசிரியரோ நிரப்பலாம். அவர்தான் பள்ளியைப் பற்றியும் உங்கள் மதிப்பெண் விவரமும் அனுப்ப வேண்டியவர். அதனால் ஹெச்.எம்.மிடம் முதலிலேயே விஷயத்தைச் சொல்லி வைப்பது நல்லது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கேட்பது இன்னும் குறிப்பானது. ஒருவர் கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர், இன்னொருவர் மொழி, சமூக அறிவியல் போன்ற பாடத்தின் ஆசிரியர். பிளஸ் ஒன்னில் ஃபர்ஸ்ட் குரூப் எடுத்த நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது வகையில் இருப்பது இரண்டே பேர்தான்: தமிழாசிரியர், ஆங்கில ஆசிரியர். இது தெரியாமல் இரண்டு வருடமும் மொழிப் பாட வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் அந்த டீச்சர் முன்னால் போய் நிற்பது சங்கடமான காரியம்.

பிரிட்டனுக்கு யூகாஸில் ஒரே ஒரு கடிதம்தான். முதுநிலைப் படிப்புகளுக்கு இரண்டு அல்லது மூன்று.

சரி, எந்த ஆசிரியரிடம் கேட்பது?

உங்கள் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவரிடம். நான் சொல்ல வேண்டியது முக்கியமாக இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

நம் ஊரில் எழுதப்படும் கடிதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன: "இம்மாணவி எங்கள் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் பயின்றார். ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, ஆசிரியர்களை மதிப்பவர். இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் டி.சி.யோடு கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பெயரை மாற்றிப் போட்டால் வகுப்பில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஆயிரக்கணக்கில் கடிதம் படிக்கிற ஒருவருக்கு இதிலிருந்து உங்கள் முகம் தெரியவே தெரியாது.

இப்போது அதே மாணவியைப் பற்றி அவளுடைய இயற்பியல் ஆசிரியர் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். செய்முறை வகுப்பில் டேஞ்சன்ட் கால்வனாமீட்டரை வைத்துப் பூமியின் காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறைக் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர்களுக்கு வந்த விடை இவளுக்கு வரவில்லை. அவர்களுடைய ரீடிங்கைப் பார்த்து ரெக்கார்டில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம், பலர் அப்படித்தான் செய்வார்கள். இவள் கருவியை மறுபடியும் மட்டம் பார்த்தாள், வட்டச் சுருள் காந்தத் துருவத்தளத்தில் நிற்கிறதா என்று பார்த்தாள், இணைப்பு வயர்களை மாற்றிப் பார்த்தாள், கடைசியில் மேசை இழுப்பறைக்குள் யாரோ போட்டுவிட்டுப் போன சட்டக் காந்தங்களைக் கண்டுபிடித்து எடுத்து வராந்தாவில் கொண்டுபோய் வைத்துவிட்டு, எல்லா ரீடிங்கையும் முதலிலிருந்து எடுத்தாள். பெல் அடித்த பிறகும் ஆசிரியர் லேபைப் பூட்டாமல் அவளுக்காக நின்றார்.

'கடின உழைப்பாளி' என்ற சொல் அந்தக் கடிதத்தில் ஒரு இடத்திலும் தேவைப்படாது. அந்த மாணவி எப்படி யோசிக்கிறாள், விடை வராதபோது என்ன செய்கிறாள் என்பது படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். இதை அன்று லேபில் நின்றவரால் மட்டுமே எழுத முடியும், முதல்வராலோ தாளாளராலோ முடியாது.

ஆகவே ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்களையே கேட்டுப் பாருங்கள்: அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைத் திறக்காமல், மார்க் பார்க்காமல், இவரால் என்னைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல முடியுமா? நான் யாருடைய வகுப்பில் கேள்வி கேட்டேன், தப்பாகப் போட்ட கணக்கை யாரிடம் போய்த் திருப்பிப் போட்டுக் காட்டினேன்? அந்தப் பெயர்தான் பதில்.

ஒரு பாடத்தில் 99 மார்க், ஆனால் அந்த சாருக்கு என்னைத் தெரியாது. இன்னொன்றில் 82, அந்த டீச்சருக்கு என்னை நன்றாகத் தெரியும். யாரிடம் கேட்க?

82 வாங்கின பாடத்து டீச்சரிடம். 99 மார்க் ஷீட்டிலேயே இருக்கிறது, அதை இன்னொருவர் கடிதத்தில் திருப்பிச் சொல்வதால் லாபம் இல்லை. காலாண்டில் 55 எடுத்து, எங்கே இடறுகிறது என்று கண்டுபிடித்து மேலே ஏறி வந்த கதை 82-இல் இருந்தால் அது நல்ல கடிதம். ஒன்று மட்டும்: நீங்கள் சேரப் போகும் பாடத்துக்கு அது அடிப்படையானதாக இருந்து, மதிப்பெண்ணும் மிகக் குறைவாக இருந்தால் யோசிக்க வேண்டும். இன்ஜினியரிங்குக்குப் போகிறவரின் கடிதங்களில் ஒன்றாவது கணிதம் அல்லது இயற்பியல் ஆசிரியருடையதாக இருப்பது நல்லது.

தாளாளர், பங்குத்தந்தை, எம்.எல்.ஏ. இவர்களிடம் வாங்கினால் மதிப்பு அதிகம் இல்லையா?

வேலைக்கும் உள்ளூர் காரியங்களுக்கும் பெரியவர்களின் கடிதம் வாங்கிப் பழகிய நம் பெற்றோர் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே கல்லூரி கேட்பது உங்களுக்கு வகுப்பெடுத்தவரின் கணிப்பை. உங்களை ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மட்டும் பார்த்த ஃபாதர் எழுதும் கடிதம் ஆசிரியர் கடிதத்துக்கு ஈடாகாது. பங்கில் மாலை நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீங்கள் வருடக்கணக்காகப் பாடம் சொல்லிக் கொடுத்து, அதை அவர் கூடவே இருந்து பார்த்திருந்தால் கதை வேறு. கூடுதலாக ஒரு கடிதம் அனுமதிக்கும் கல்லூரிகளுக்கு அதை அனுப்பலாம். சொந்தக்காரர்களிடம் மட்டும் வாங்கவே கூடாது, அவர் வேறு பள்ளியில் ஆசிரியராக இருந்தாலும் சரி.

டியூஷன் சாருக்குத்தான் என்னை நன்றாகத் தெரியும். அவர் எழுதலாமா?

இரண்டு முக்கியக் கடிதங்களும் பள்ளி ஆசிரியர்களுடையதாக இருக்கட்டும். டியூஷன் சாருடையதையும் கூடுதல் கடிதமாக மட்டும் அனுப்பலாம். ஒரு வகுப்பில் ஐம்பது அறுபது பேரை வைத்துப் பாடம் நடத்தும் பள்ளி ஆசிரியரைவிட, மாடியில் பத்துப் பேருக்கு நடத்துகிறவருக்கு உங்களைக் கூடுதலாகத் தெரிந்திருப்பது உண்மைதான். அதற்கு மருந்து, பள்ளி ஆசிரியரிடமும் பிளஸ் ஒன்னிலிருந்தே பேசிப் பழகுவது. பத்தாம் வகுப்பு ஆசிரியரைவிடப் பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆசிரியர்களையே கல்லூரிகள் விரும்புகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தமிழாசிரியரிடம் கேட்கலாமா? அவருக்கு ஆங்கிலத்தில் எழுத வராதே.

தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நம் பள்ளிகளில் பிள்ளைகளின் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று அதிகம் தெரிந்தவர்கள் தமிழாசிரியர்கள்தான். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன், கச்சான், கொண்டல், வாடை என்று அப்பா காற்றுக்குச் சொல்லும் பெயர்களையும், எந்தக் காற்றில் எந்த மீன் என்பதையும் வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வந்து கட்டுரை நோட்டில் கொடுத்தால், அது அந்த டீச்சருக்கு மறக்காது. கடலியல் படிக்கப் போகிற பையனுக்கு அதைவிட நல்ல கடிதம் எங்கே கிடைக்கும்?

அவர் தமிழில் எழுதட்டும். ஆங்கில ஆசிரியரோ பள்ளியில் வேறு யாராவதோ மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் பெயரும் கையெழுத்தும் போட்டு, மூலத்தோடு சேர்த்து அனுப்பலாம். நீங்களோ உங்கள் வீட்டாரோ மொழிபெயர்க்கக் கூடாது.

"நீயே எழுதிட்டு வா மக்ளே, நான் ஒப்பு போட்டுத் தாறேன்" என்கிறார் சார். என்ன செய்வது?

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. சார் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பேப்பர் திருத்தல், எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் விவரம் ஏற்றல், தேர்தல் வேலை என்று அவர் தலையில் ஆயிரம் இருக்கிறது. சிலருக்கு ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம், அதை வெளியே சொல்லவும் கூச்சம்.

ஆனாலும் நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. அது நேர்மையில்லை என்பது முதல் காரணம். பல விண்ணப்பங்களில் கடிதம் எழுதியது தாம்தான் என்று ஆசிரியர் உறுதி சொல்ல வேண்டியிருக்கும், சாரைப் பொய் சொல்ல வைக்கிறோம். இரண்டாவது, பதினேழு வயதில் தன்னைப் பற்றித் தானே எழுதும்போது ஒன்று வெட்கத்தில் குறைத்து எழுதுவோம், இல்லையென்றால் இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதுவோம். இரண்டு ஆசிரியர்களின் கடிதமும் ஒரே நடையில், ஒரே சொற்களோடு வந்தால் படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். உண்மை பிறகு தெரிய வந்தால் கொடுத்த சீட்டைக்கூட ரத்து செய்ய அவர்களால் முடியும்.

அப்படியானால் சாரிடம் என்ன சொல்வது? மறுக்க வேண்டாம், வேலையைக் குறைத்துக் கொடுங்கள். "சார், கடிதமா எழுதினா ஒத்துக்க மாட்டாங்களாம். நீங்க எழுத வசதியா குறிப்பு கொண்டு வந்திருக்கேன், நீங்க வாயால சொல்லுங்க, இங்கிலீஷ் மிஸ் டைப் பண்ணித் தாறேன்னு சொல்லிருக்காங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஸ்டாஃப் ரூமில் ஒரு ஃப்ரீ பீரியட் கிடைத்தால் போதும். சார் தமிழில் சொல்லச் சொல்ல இன்னொரு ஆசிரியர் எழுதிக்கொண்டால் அது சாருடைய கடிதம்தான். அதற்கும் அவர் ஒத்துவரவில்லையென்றால் வேறு ஆசிரியரைப் பாருங்கள்.

ஆசிரியரிடம் என்ன குறிப்பு கொடுக்க வேண்டும்?

ஒரு பக்கம் போதும். எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டியிலிருந்து எல்லாச் சான்றிதழையும் ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பாகக் கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், எழுதுகிறவருக்கு அதில் எதை எடுப்பது என்றே தெரியாது. எந்தப் படிப்பு, ஏன் அந்தப் படிப்பு, எந்தெந்தக் கல்லூரி, எந்தத் தேதிக்குள், எப்படி அனுப்ப வேண்டும் என்று மேலே எழுதுங்கள். கீழே அவருடைய வகுப்பில் நடந்த மூன்று நான்கு சம்பவங்களை உங்கள் வார்த்தையில் ஞாபகப்படுத்துங்கள். அவர் திருத்திய பழைய நோட்டோ ரெக்கார்டோ இருந்தால் கூடவே கொண்டு போங்கள், சிவப்பு மையில் அவரே எழுதினதைப் பார்த்ததும் நினைவு வந்துவிடும்.

இரண்டு ஆசிரியர்களிடமும் ஒரே குறிப்பைக் கொடுக்காதீர்கள். இயற்பியல் சார் லேபைப் பற்றி எழுதினால், தாவரவியல் டீச்சர் நீங்கள் தேரூர்க் குளத்தில் பறவை எண்ணப் போனதைப் பற்றி எழுதட்டும். (சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பள்ளிக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு இடம் இருப்பதை நம் பிள்ளைகள் விண்ணப்பத்தில் சொல்வதே இல்லை.)

காமன் ஆப் (பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளம்) படிவத்தில் கடிதத்தோடு ஒரு மதிப்பீட்டு அட்டவணையும் வரும் என்பதையும் ஆசிரியரிடம் முன்பே சொல்லுங்கள். தாம் பார்த்த மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு 'சராசரிக்குக் கீழ்' என்பதில் தொடங்கி 'நான் பார்த்த மிகச் சிலரில் ஒருவர்' என்பது வரை டிக் செய்ய வேண்டும். நம் ஆசிரியர்கள் அடக்கமாக 'நன்று' என்பதில் டிக் செய்துவிட்டு, கடிதத்தில் வானளாவப் புகழ்ந்தால் இரண்டும் பொருந்தாது.

எப்போது கேட்க வேண்டும்?

பிளஸ் டூ தொடங்கியதும், ஜூன் ஜூலையில். காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முன்கூட்டிய சேர்க்கைக்குப் பல கல்லூரிகளில் கெடு நவம்பர் 1, வழக்கமான சேர்க்கைக்கு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கும் பிரிட்டனில் மருத்துவத்துக்கும் அக்டோபர் 15.

இதை நம் ஊர்க் காலண்டரோடு வைத்துப் பாருங்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, பிறகு விடுமுறை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, அதையொட்டி உள்ளூர் விடுமுறை. அப்புறம் அரையாண்டு, உடனே கிறிஸ்துமஸ் விடுமுறை. ஜனவரிக் கெடு என்று நம்பிக்கொண்டிருந்தால், அந்த வாரத்தில் பள்ளி அலுவலகமே பூட்டியிருக்கும், ஹெச்.எம். ஊரில் இருக்க மாட்டார், சீல் அலமாரிக்குள் இருக்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே நவம்பர் கெடுவுக்கு செப்டம்பருக்குள், ஜனவரிக் கெடுவுக்கு நவம்பர் நடுவுக்குள் கடிதம் ஏறிவிட வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே தேதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை நான் படித்துப் பார்க்கலாமா?

காமன் ஆப்பில், பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். 1974-இல் வந்த ஒரு அமெரிக்கச் சட்டம், கல்லூரியில் சேர்ந்த பிறகு தன் கோப்பைப் பார்க்கும் உரிமையை மாணவருக்குத் தருகிறது, அதை ஒட்டிய கேள்வி இது. விட்டுக்கொடுக்கிறேன் என்றே போடுங்கள். ஆசிரியர் மனம் திறந்து எழுதியிருக்கிறார் என்று கல்லூரி நம்பும். ஆசிரியரே விரும்பிக் காட்டினால் அது அவர் இஷ்டம்.

சார் தயங்குகிறார், "பாப்போம்" என்கிறார். வற்புறுத்தலாமா?

வேண்டாம். அரைமனதோடு எழுதும் கடிதம் உதவாது. கேட்கும்போதே, "என்னைப் பத்தி நல்லா எழுத முடியும்னு தோணுதா சார்? இல்லைன்னாலும் பரவாயில்லை" என்று அவர் விலகிக்கொள்ள வழி வைத்துக் கேளுங்கள். நேரில், தனியாக, அவர் உட்கார்ந்திருக்கும்போது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டு நீல டிக்கை எதிர்பார்த்து இருப்பது சரியில்லை.

வீட்டுக் கஷ்டத்தைக் கடிதத்தில் சொல்லலாமா?

நீங்கள் சம்மதித்தால் சொல்லலாம், சொல்வது நல்லதும்கூட. குலசேகரம், அருமனைப் பக்கத்தில் விடியும் முன்பே அப்பாவோடு ரப்பர் பால் எடுக்கப் போய்விட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓட்டப் போட்டியிலும் கவிதைப் போட்டியிலும் ஏன் பெயர் இல்லை என்று கல்லூரிக்காரர் யோசிக்கும் இடத்தில் இதுதான் பதில். பொதுவாக இதைச் சொல்ல ஏற்றவர் கவுன்சலர் இடத்தில் எழுதும் வகுப்பாசிரியர் அல்லது ஹெச்.எம். இரக்கம் கேட்கும் தொனி வேண்டாம். எத்தனை மணிக்கு எழுகிறான், என்ன வேலை செய்கிறான், அதோடு எப்படிப் படிக்கிறான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

நான் கல்லூரி மாணவன், எம்.எஸ்.ஸுக்குப் போகிறேன். எச்.ஓ.டி. கடிதம் கட்டாயமா?

பல்கலைக்கழகம் அப்படிக் கேட்பதில்லை. புராஜெக்ட் கைடு முதலில், உங்கள் துறைப் பாடத்தை ஆழமாக நடத்தியவர் அடுத்து. மகேந்திரகிரியிலோ தும்பாவிலோ இஸ்ரோ மையத்தில் புராஜெக்ட் செய்திருந்தால், அங்கே உங்களோடு உட்கார்ந்து வேலை பார்த்த விஞ்ஞானி எழுதச் சம்மதித்தால் மிக நல்லது. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஐ.டி. வேலை பார்க்கிறவர்கள் மூன்றில் ஒன்றை மேனேஜரிடம் வாங்கலாம், மற்றவை பேராசிரியர்களுடையதாக இருக்கட்டும். எச்.ஓ.டி. மனம் கோணுவார் என்ற பயம் நியாயமானதுதான், முதலிலேயே போய் விஷயத்தைச் சொல்லி ஆலோசனை கேட்டுவிடுங்கள்.

இங்கே மெயில் ஐடி ஒரு முக்கியமான விஷயம். பல பல்கலைக்கழகங்கள் கல்லூரியின் பெயரில் உள்ள ஐடியையே விரும்புகின்றன, நம் பேராசிரியர்கள் பலரோ ஜிமெயில்தான் வைத்திருப்பார்கள். கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் பெரும்பாலும் ஐடி உருவாக்கிக் கொடுப்பார்கள். சார் பெயரில் நீங்களே ஒரு ஐடி திறந்து, கடிதம் ஏற்றுவதற்குப் பல்கலைக்கழகம் அனுப்பும் லிங்கையும் நீங்களே திறந்து கடிதத்தை ஏற்றுவது மோசடி. கன்சல்டன்சியில் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். லிங்க் போனதும் ஸ்பேமில் விழுந்திருக்கிறதா என்று சாரையே பார்க்கச் சொல்லுங்கள்.

பணமோ பரிசோ கொடுக்க வேண்டுமா?

கூடாது. ரிசல்ட் வந்ததும், சீட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நேரில் போய்ச் சொல்லுங்கள்.

எனக்குப் பாடம் எடுத்த டீச்சர் மாறுதலாகிப் போய்விட்டார், அல்லது ஓய்வு பெற்றுவிட்டார். எழுதலாமா?

எழுதலாம். எந்தப் பள்ளியில், எந்த வருடங்களில் உங்களுக்குப் பாடம் எடுத்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்பதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும். பழைய பள்ளியின் லெட்டர்பேடை அவர் பயன்படுத்த வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் படிக்கிறவர்கள், மாறுதல் கலந்தாய்வு நடக்கப் போகிறது என்று தெரிந்தாலே டீச்சரின் மெயில் ஐடியையும் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றி அவருக்கு நினைவிருப்பதை அப்போதே ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு வருடம் இடைவெளி விட்டு விண்ணப்பித்தாலும் அதையே புதுத் தேதி போட்டு, இடையில் நீங்கள் செய்ததை ஒரு பத்தி சேர்த்து அவர் அனுப்பலாம்.